ஒன்பதாவது மெஷின்

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேய்க்கு ராத்திரி வேண்டும் என்பார்கள். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டப்பகலில், என் தங்கை கணவருக்கு நடந்தது.

தங்கை ஆஸ்பத்திரியில் காலை 6:02-க்குக் கண்ணை மூடினாள். மாப்பிள்ளை அழவில்லை. மரத்துப்போய்விட்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். பதினாறாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனார்.

ஒரு ரத்த வங்கியின் ஒன்பது கம்ப்யூட்டர்களில் ஒரே மென்பொருளை ஏற்றும் வேலை. ஒன்பதையும் ஓட்டுவது லினக்ஸ்தான். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு குணம். ஒன்றில் எடுபடும் கட்டளை இன்னொன்றில் எடுபடாது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே திரையில் சேர்ந்துகொள்வார்கள். இவர் ஆபீசில் தட்டுவார். அவள் வீட்டு லேப்டாப்பில் அதே திரையைப் பார்த்து, தப்பென்றால் நடுவில் புகுந்து நிறுத்துவாள்.

அன்று இவர் மட்டும். 2:40-க்குள் எட்டு முடிந்தது. ஒன்பதாவதுதான் இருப்பதிலேயே பழசு.

‘பழையதை நீக்கிவிட்டு ஏற்றலாமா?’ என்று திரை கேட்டது. முழுதாகப் படிக்காமல் ‘எஸ்’ அடித்தார்.

டக்... டக்... எழுத்துகள் அழிந்தன. ‘நோ’ என்று விழுந்தது.

மறுபடி ‘எஸ்’. மறுபடி ‘நோ’.

2:43. கையை மடியில் வைத்தார்.

டக்...

‘நோ.’

அப்புறம்தான் கேள்விக்குக் கீழே படித்தார். இந்த ரக லினக்ஸில் பழையதை நீக்கினால் ரத்த இருப்புப் பட்டியலும் கூடவே போய்விடும். அவசரத்துக்கு ரத்தம் கேட்டு வருகிறவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

திரையில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

இரண்டு பேர்.

எனக்குப் போன் வந்தது.

“மச்சான், அவ லேப்டாப் எங்க?”

“எங்க வீட்டு பீரோவுல.”

“ஆன்ல இருக்கா?”

“அவள ஆஸ்பத்திரில சேர்த்த அன்னைக்கே பேட்டரிய கழட்டிட்டோமே.”



“அவ வந்திருக்கா” என்றார். குரலில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. நான் போய் பீரோவைப் பூட்டினேன்.

பட்டியலைப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த ரகத்துக்குரிய கட்டளையில் ஏற்றி முடித்தார். கடைசியில் மெஷினை ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். எட்டையும் அணைத்துப் போட்டார். ஒன்பதாவதை அணைத்தால் அவள் இணைப்பு அறுந்துவிடும். இன்றுவரை அணைக்கவில்லை. இப்போதெல்லாம் அதன் முன்னால்தான் சாப்பிடுகிறார்.

நேற்று நானே போய்ப் பார்த்தேன். அந்த இரண்டாவது இணைப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் அது தொடங்கிய தேதி இருந்தது. அவள் போன தேதி.

நேரம், காலை 6:10. அவள் கண்ணை மூடி எட்டு நிமிஷம் கழித்து.