பெரிய வெள்ளிக்கு யாருக்கு லீவு?

இன்று பெரிய வெள்ளி, அரசு விடுமுறை. தேனியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு மட்டும் கிடையாது.

காலையில் பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா சேலை எடுக்க வந்தார். தாலுகா ஆபீஸில் வேலை.

"ஏத்தா எஸ்தர், இன்னைக்கு உங்க ஏசு சாமி நாளாச்சே. சர்ச்சுக்குப் போகலையா?"

"முதலாளி லீவு தரமாட்டேன்னு சொல்லிட்டாக, அக்கா."

"அடப்பாவமே! எங்களுக்குச் சனி, ஞாயிறோட சேத்து மூணு நாளு. மத்தியானம் சுருளி அருவிக்குப் போறோம். அந்த மயில்கழுத்து கலரை எடு."

எடுத்து விரித்தேன். வயிறு பற்றி எரிந்தது.

எங்கள் ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரத்தில் அக்கா அருவியில் குளிப்பார். நான் அவர் கலைத்துப்போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருப்பேன்.

பொறாமை பாவம்தான். மன்னிப்புக் கேட்கச் சர்ச்சுக்குப் போகவும் லீவு வேண்டுமே. இன்று லீவில் இருக்கும் யாராவது எனக்காகப் போய்க் கேட்டுவிட்டு வருகிறீர்களா?