பிளஸ் என்று சொல்லிவிட்டேன்

ஆறு வருஷம் இருக்கும். திருப்பத்தூர் பக்கம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா கடைசி வருஷம். ஏசி சர்க்யூட் பேப்பர் எனக்கு மஞ்சள் காமாலையால் விட்டுப்போயிருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து வந்த என் நண்பனுக்கும் அதில்தான் அரியர். அவனை ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது, இதில் பாஸானால் மட்டும்.

பரீட்சைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு கணக்கைக் காட்டினான். ரெசிஸ்டன்ஸ் ஆறு, காயிலுக்கு பிளஸ் ஜே நாலு, கெபாசிடருக்கு மைனஸ் ஜே பன்னிரண்டு. மொத்த இம்பிடன்ஸ், அதாவது மொத்தத் தடை, ஆறு மைனஸ் ஜே எட்டு என்று போட்டிருந்தான்.

"இன்னாடா இது? காயிலுக்குத்தான் மைனஸ், கெபாசிடருக்கு பிளஸ்" என்றேன்.

"நான் இப்டிதான்டா படிச்சேன்."

"சொல்றேன்ல!"

வகுப்பில் முதல் மார்க் நான். அடித்துவிட்டு மாற்றி எழுதிக்கொண்டான்.

ஹாலில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. கெபாசிடரில் கரண்ட் வோல்டேஜுக்கு முன்னால் ஓடும், அதனால் அவன் போட்டதுதான் சரி. எப்படிப் போட்டாலும் அளவு பத்துதான் வரும். ஆனால் கோணம் தலைகீழாகிவிடும், அதற்குப் பின்னால் கேட்டதெல்லாம் அதை வைத்துத்தான். நான் சரியாக எழுதினேன். வெளியே வந்து, "நீ சொன்ன மாதிரியே போட்டேன்டா" என்று அவன் சிரித்தபோது வாயைத் திறக்கவில்லை.

மூன்று மார்க்கில் அவனுக்குப் பேப்பர் போனது, கம்பெனி வேலையும் போனது. "அடுத்த தடவை எழுதிக்கலாம்டா" என்றேன். தலையாட்டினான். அப்புறம் காலேஜ் பக்கமே வரவில்லை. ஊர்க்காரர்களோடு குடகு காபித் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் இருந்தது. கூப்பிடவில்லை.

போன வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் வேலையாக மலைக்குப் போனபோது விசாரித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் இருந்தாள், புளி உடைத்துக்கொண்டு. தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை கழிக்க ஏறி, விழுந்துவிட்டானாம். அவன் இறந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

என் பெயரைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்தது. "நீங்களாணா? உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு. கணக்கெல்லாம் நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்களாம். நான்தான் எங்கயோ கோட்ட விட்டுட்டேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கையில் இருந்த புளியை அப்படியே கீழே வைத்தாள்.

"அவுரு இருக்கறப்ப வந்து இத சொல்லிருக்கலாமேணா" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை.

தவறாகச் சொல்வது யாருக்கும் நடக்கும். ஆனால் தவறு என்று தெரிந்தும் நான் விழுங்கிய அந்த ஒரு வார்த்தையால், தன்னை முட்டாள் என்று நம்பிக்கொண்டே ஒருவன் போய்ச் சேர்ந்தான் என்பதை நினைக்காமல் இன்றுவரை என்னால் ஒரு நாளைக் கடக்க முடியவில்லை.