சாவி இல்லாத பேழை

ஏனோக் டிரான்டரைப் புதைத்துவிட்டு வந்த அன்று, "இருபத்திரண்டு வருஷம் அவர்கிட்ட வேலை பார்த்தவ நீதானே கெசியா, நல்லதா நாலு வார்த்தை சொல்லேன்" என்று கேட்டார்கள். நாலு எனக்கு வரவில்லை. ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் சபையில் பாதிப் பேருக்கு வயிறு எரியும். அதனால் சாவு வீட்டுப் பன்றி இறைச்சியை மென்றுகொண்டு சும்மா இருந்தேன்.

பர்மிங்காமில் கால்வாய்க்குப் பின்பக்கம் எங்கள் பட்டறை. சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகள் செய்தோம். செய்தோம் என்று சொல்வது மரியாதைக்கு. தகரம் வெட்டுவது, வளைப்பது, பல்சக்கரம் கோப்பது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது எல்லாம் பின்கட்டில் நான். முன்பக்கக் கடையில் மேஜைக்குப் பின்னால் நின்று சாவி கொடுத்துக் காட்டுவது அவர். பலகையில் "டிரான்டர், பொம்மை செய்பவர்" என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. அவர் செய்த பொம்மை ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.

சாவி கொடுப்பதில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஏழு திருகல். எட்டாவது திருகினால் ஸ்பிரிங் அறுந்துவிடும். எலியோ தவளையோ ஓடி நின்ற நொடியில் அவர் கை அதன் மேல் இருக்கும். நின்றுபோன பொம்மையை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது கடைக்காரர்கள் கணக்கு. முப்பது வருஷம் அப்படித் திருகித் திருகி, அந்தக் கைக்கு அவரைக் கேட்காமலே வேலை செய்யும் பழக்கம் வந்துவிட்டது. அவர் மனைவி செத்தபோது ஊர் வழக்கப்படி வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதுகொண்டிருக்க, மனிதர் நடந்துபோய் அதற்குச் சாவி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, தானும் அழுதார். ஏன் திருகினீர்கள் என்று கேட்டால், "நின்னுபோச்சேன்னு..." என்றார்.

இந்த மனிதருக்குச் சபையில் மூப்பர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. எங்கள் சபையில் மூப்பர்களுக்கு முன்வரிசையில் சிவப்பு மெத்தை போட்ட பெஞ்சு உண்டு. பதினான்கு வருஷம் கதவோரக் கட்டைப் பெஞ்சில் குளிரில் உட்கார்ந்து, பிரசங்கத்தைக் கேட்காமல் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் மூப்பர் யாராவது வந்தால் பத்தடி முன்னாலேயே தொப்பி கையில் இருக்கும்.

குறுக்கே நின்றவர் பெரிய மூப்பர் ஜேபஸ் பிசெல். பொத்தான் தொழிற்சாலை வைத்திருந்தார். அவருடைய பட்டறையில் பெண்பிள்ளைகள் விரல் நசுங்க நசுங்கப் பன்னிரண்டு மணி நேரம் அச்சு அடிப்பார்கள். அதெல்லாம் அவருடைய மனசாட்சியை உறுத்தியதில்லை. எங்கள் தவளைதான் உறுத்தியது.

"உயிர் குடுக்கிறது கர்த்தர் ஒருத்தர்தான்யா. தகரத்தைத் துள்ள வெச்சுப் பிழைக்கிறவனுக்கு மெத்தை பெஞ்சு கேக்குதோ?" என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். டிரான்டர் பல்லைக் காட்டிச் சிரித்தார். எனக்குத்தான் காது சிவந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மூப்பர் இடம் காலியானது. டிரான்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் விளையாட்டும் கூடாத ஓய்வு நாள் என்று பக்தியுள்ள வீடுகளில் பொம்மையை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெருவெள்ளத்தில் விலங்குகளை ஜோடி ஜோடியாக ஏற்றிக் காப்பாற்றிய நோவாவின் பேழை ஒன்றுக்கு மட்டும் அனுமதி, அது வேதத்தில் இருக்கிறதல்லவா. மரப்பேழை, மர விலங்குகள். பிள்ளைகள் அவற்றை ஜோடி ஜோடியாக அடுக்கிக் கொட்டாவி விடும்.

"கெசியா, பேழையையே ஓட வெச்சுட்டா?" என்று பின்கட்டுக்கு ஓடி வந்தார். "ஓய்வு நாளுக்கு ஏத்த பொம்மை! பிசெலால ஒரு வார்த்தை பேச முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை சாவி திருகுனா அது வேலைன்னு சொல்லுவாரே?"

"சனிக்கிழமையே திருகிடணும். ஒரு கொக்கி போட்டு நிறுத்தி வெச்சுட்டு, ஞாயித்துக்கிழமை கொக்கியை மட்டும் விட்டா போதும். கதவுத் தாழ்ப்பாளைத் தொறக்கிறது வேலையா?"

"அந்தக் கொக்கியை யார் செய்யறது முதலாளி?"

"ஏன், நீதான்."

செய்தேன். ஆறு வாரம் ஆனது. மூடியைத் திறந்து மூடியபடி பேழை தரையில் உருளும். நோவா தலையை இரண்டு பக்கமும் திருப்புவார். மேல்தட்டில் இரண்டு யானை சுற்றி வரும். ஜன்னலில் புறா எட்டிப் பார்க்கும். ஒன்றரை நிமிஷம் ஓடும். முழு ஸ்பிரிங்கையும் ஓர் இரவு முழுக்கத் தாங்குகிற கொக்கியை எஃகில் அறுத்து வைத்தேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் அருமையாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாவி கொடுத்து எடுத்துப் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்.

"முதலாளி, அது ஓடி நின்னதும் கையைப் பைக்குள்ள வெச்சுக்கோங்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து மூப்பரைத் தேர்ந்தெடுக்கச் சபை அப்படியே உட்கார்ந்தது. கை தூக்கித்தான் தேர்வு. டிரான்டர் துணியை விலக்கி, பேழையைப் பிரசங்க மேடைக்கு முன்னால் தரையில் வைத்தார். சனிக்கிழமை முடுக்கியதையும் கொக்கியையும் விளக்கிவிட்டு, சுண்டுவிரலால் கொக்கியைத் தட்டினார்.

பேழை ஓடியது. வேடிக்கை பார்க்கும் வயசு தாண்டின கிழவிகள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். புறா எட்டிப் பார்த்ததும் போதகருக்கே சிரிப்பு வந்து, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் பெஞ்சுகளை விட்டு இறங்கி நடைபாதைக்கே வந்துவிட்டார்கள். பிசெல் தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார்.

"பாத்தீங்களா மூப்பரே," என்றார் டிரான்டர். "இன்னிக்கு யார் கையும் உழைக்கலை."

பிசெல் தாடையிலிருந்து கையை எடுத்தார். "உழைச்சதா தெரியலை" என்று மென்று விழுங்கினார். அவ்வளவுதான், இடம் கிடைத்த மாதிரிதான். டிரான்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனசுக்குள் மெத்தையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பேழை மெதுவாகி நின்றது. யானைகள் நின்றன. நோவா ஒரு பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டார். "அவ்வளவுதானா?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டது. பிசெலின் பேத்திதான்.

டிரான்டர் குனிந்தார். பைக்குள்ள கை, பைக்குள்ள கை என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அவர் பேழையைத் தூக்கி, அந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருகினார். கடக், கடக், கடக் என்று ஏழு திருகல். சபை மொத்தமும் எண்ணியது. ஏழு முடிந்து கீழே வைத்தார், பேழை மறுபடி ஓடியது, குழந்தைகள் கைதட்டின.

"டிரான்டர்," என்றார் பிசெல், சர்க்கரையாக. "இப்ப ஒரு சத்தம் கேட்டுதே, அது என்ன?"

மனிதர் தன் கையைப் பார்த்தார். வேறு யாரோ அங்கே கொண்டுவந்து மாட்டியதுபோல் பார்த்தார். பேழை மட்டும் தன் ஒன்றரை நிமிஷத்தையும் ஒழுங்காக ஓடி முடித்தது. அவருக்காகத் தூக்கிய கைகள் இரண்டு. ஒன்று காது கேட்காத செருப்புத் தைப்பவருடையது. இன்னொன்று என்னுடையது. நான் தூக்கியது பிசெலுக்கு எரிச்சல் மூட்ட என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் பிசெல் வீட்டம்மா பின்வாசல் வழியாக வந்தாள். கடை வாசலில் யாராவது பார்த்துவிட்டால் கௌரவம் என்ன ஆவது?

"பேத்தி நேத்திலேருந்து சாப்பிட மாட்டேங்குது. அந்தப் பேழை ஒண்ணு வேணும். ஆனா சாவி கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். உள்ள ஸ்பிரிங்கும் இருக்கக் கூடாது. கையால தள்ளிக்கட்டும்." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "அடுத்த வருஷம் இன்னொரு மூப்பர் இடம் காலியாகுதாம்."

டிரான்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இருந்தது ஒரே பேழை. இடுக்கியை எடுத்தார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் இடுக்கி எடுத்து அன்றுதான் பார்த்தேன். அடித்தகட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை உருவினார், சாவியைப் பிடுங்கினார், என் கொக்கியை அறுத்தெறிந்தார். சாவி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை.

"இதை மட்டும் ஈயம் வெச்சு அடைச்சுடு கெசியா" என்று என் முன்னால் வைத்தார்.

நான் சூட்டுக்கோலைக் கீழே வைத்தேன்.

"முதலாளி, உங்களைப் பார்த்து இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கேன். நேத்து சபை நடுவுல அந்தக் குழந்தைக்காகத் திருகுனீங்களே, அப்ப சிரிப்பு வரலை. உங்க கை பிசெலைப் பாக்கலை, மெத்தையைப் பாக்கலை. அது ஒண்ணுதான் நீங்க உருப்படியா செஞ்ச வேலை. அதையும் நீங்களே அடைச்சுக்கோங்க."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு" என்றார். சொல்லிவிட்டு, தானே அடைத்தார். ஈயம் கட்டியாகத் திரண்டு, பேழைக்கு விலாவில் கொப்புளம் வந்தாற்போல் இருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி, பிசெல் வீட்டுக்குத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாலு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனேன், வயிறு இருக்கிறதே. அடுத்த வருஷத்து மெத்தை பிசெலின் மருமகனுக்குப் போனது. அதற்கடுத்த வருஷத்தது மருமகனின் அண்ணனுக்கு. டிரான்டர் சாகும்வரை கதவோரம் உட்கார்ந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

அவர் உடம்பைக் குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தியது நான்தான். கைகளை மார்பில் வைத்தபோது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சாவியைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன. பார்க்க வந்த பிசெல் வீட்டம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன கோலம் இது? அந்த விரலை நேராக்கு கெசியா."

"கிடக்கட்டும்மா" என்று சொல்லி, பெட்டி மூடியைத் தூக்கி மேலே வைத்தேன்.