கோழி வளர்ப்புக்குள் இருந்த கவிதைகள்

முதுகில் ‘கோழி வளர்ப்பு’ என்று எழுதிய ஒரு தடித்த புத்தகத்துக்குள் இருந்தது என் அப்பாவின் கவிதைத் தொகுப்பு. பூந்தமல்லியின் பழைய நூலகத்தில் அதைக் கண்டெடுக்க எனக்குப் பதினோரு சனிக்கிழமைகள் ஆயின. ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அவர் அச்சிட்ட சிறுநூல் அது. குவார்ட்டர்ஸுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷம் வீட்டிலிருந்த பிரதிகள் எல்லாம் கூழாகிவிட்டன. அப்பா போன பிறகு அம்மா என்னிடம் கேட்டது அந்தப் புத்தகம் ஒன்றைத்தான். நூலகத்துக்கு அப்பா ஒரு பிரதி கொடுத்தது அம்மாவுக்கு நினைவிருந்தது.

நூலகத்தின் பட்டியல் அட்டைகளில் அப்பா பெயர் இல்லை. கவிதை அலமாரியிலும் இல்லை. நான் கைவிடவிருந்த நேரத்தில்தான் பைண்டர் அண்ணன் வாய் திறந்தார். ஓய்வுபெற்ற பிறகும் தினமும் வந்து கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

“மெல்லிசு புக்கு தனியா நிக்காதும்மா. ஆறேழு சேத்து ஒரே அட்டைல தெச்சுடுவோம். மொத புக்கு பேருதான் கார்டுல ஏறும். மத்ததெல்லாம் உள்ள கம்முனு கீது.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அதன்பின் விவசாயம், ஜோசியம், சமையல் என்று தடித்தவற்றை எல்லாம் இருவரும் பிரித்துப் பார்த்தோம். யார் யாருடைய கவிதைகளோ தலைகாட்டின. நல்லவை கொஞ்சம், தலையில் அடித்துக்கொள்ள வைத்தவை நிறைய.

அப்பாவுடையது கிடைத்தபோது அதற்கு ஓரம் இல்லை. தைத்தபின் எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிவிடுவது வழக்கம். அப்பாவின் நூல் மற்றவற்றைவிட அகலம். வலப்பக்கங்களில் வரியின் கடைசிச் சொல்லும் இடப்பக்கங்களில் முதல் சொல்லும் போயிருந்தன.

“நான்தாம்மா வெட்டினேன். ஓரம் நேரா வருதான்னு பாத்தேன். எயுத்து போவுதான்னு பாக்கல” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதிதான் இருக்கிறது என்று சொல்லியே அம்மாவிடம் காட்டினேன். “கொடுடி, பார்க்கலாம்” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார். வெட்டுப்பட்ட ஓர் இடத்தில்கூட அவர் நிற்கவில்லை. போன சொற்களை வரிசையாக அவரே ஒரு தாளில் எழுதித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை பைண்டர் அண்ணன் அதை அப்பாவின் நூலோடு சேர்த்துத் தைத்தார். தாள் பெரிது. வெட்டுக்கத்தியை எடுத்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அண்ணனும் இப்போது இல்லை. அம்மாவின் தாள் மட்டும் புத்தகத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கிறது.