சிலிர்க்காத கிடாய்

கருமத்தம்பட்டியில் டீ குடிக்க இறங்கிய இடத்தில், மாகாளியம்மன் கோயில் முன்னால் கிடாய்களின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்தால்தான் அம்மன் சம்மதித்ததாக அர்த்தம்; அப்புறம்தான் வெட்டுவார்கள். முதல் வீட்டுக் கிடாய் உடனே சிலிர்த்துவிடுகிறது.

“அவங்க மேல ஆத்தாளுக்கு எப்பவுமே பிரியமுங்க,” என்கிறார் அடுத்து நிற்கும் அம்மா.

அவருடைய கிடாய் குடம் குடமாக ஊற்றியும் அசையாமல் நிற்கிறது. பூசாரி அடுத்த வீட்டைக் கூப்பிடுகிறார்.

“உங்க மேல கோபமோ?” என்று கேட்டுவிடுகிறேன்.

“நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்.” முந்தானையால் கிடாயின் காதைத் துடைக்கிறார். “இவன் மேல பிரியமோ என்னமோ.”

கயிற்றைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். ரோட்டோரம் வந்ததும் கிடாய் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான் டீயைப் பார்க்கிறேன்.