மெஷினுக்கு இடம்

டிப்போவில் அவருக்கு ஆமை என்று பேர். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் பஸ்ஸைத் தன் போக்கில்தான் ஓட்டுவார். அப்படிப்பட்ட மனிதர், மனைவி மாடிப்படியில் தவறி விழுந்து படுத்த படுக்கையான பிறகு, வீட்டுக்குள் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு முறிவு. இனி நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பிடி கொடுத்தே பேசவில்லை. தினமும் படுக்கை விரிப்பு நனைந்தது. டியூட்டிக்குக் கிளம்பும் முன் அதை அலசிப் பிழிவதற்குள் அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கும். சோப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே எரிந்தது.

வீட்டைக் காலி செய்யும் ஒரு டீச்சரம்மா, முன்பக்கம் கதவு வைத்த பழைய வாஷிங் மெஷினை விற்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். இவர் போய்ப் பார்த்தார். கதவைச் சுற்றியிருந்த ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை. ஓடவிட்டால், துணி பிழியும் கட்டம் வந்ததும் உள்ளே கரகரவென்று சத்தம்.

"பேரிங் போயிடும்போல இருக்கே?"

"போகும்தான். மறைச்சு விக்க எனக்கு மனசு வரல," என்றார் டீச்சரம்மா. "ஆனா நல்லா உழைச்ச மெஷின். எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப வாங்கினது."

"இப்ப எப்படி இருக்காருங்க?"

டீச்சரம்மா மெஷின் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார்.

வீட்டிலோ, குழாயும் தண்ணீர் போக வழியும் படுக்கையறைக்கு வெளியே ஒரே ஒரு மூலையில்தான். அங்கே மனைவியின் தையல் மெஷின் இருந்தது. வாஷிங் மெஷின் பார்த்து வந்ததை அவளிடம் சொன்னவர், இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, அவளுடைய இஞ்ச் டேப்பை எடுத்தே அந்த மூலையை அளந்தார்.

"அகலம் பத்துதா?" என்று உள்ளே கட்டிலிலிருந்து கேட்டாள்; அவர் டேப்பை எடுத்ததைப் பார்த்திருக்கிறாள்.

"சும்மா பாத்தேன்."

"சும்மா யாராவது சுவரை அளப்பாங்களா? இவ எங்க எந்திரிக்கப் போறா, தையல் மெஷின் எதுக்குன்னு முடிவே பண்ணிட்டீங்க. அதை வாய்விட்டுச் சொல்லிடுங்களேன்."

டேப்பைச் சுருட்டித் தையல் மெஷின் டிராயரில் வைத்தார். தனக்கே நம்பிக்கை விட்டுப்போனதோ என்று பயந்துபோனார்.

மறுநாள் காலையில் துவைத்த விரிப்பை அவர் உதறியபோது அதில் ரத்தக்கறை. அவள் அவர் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டி என்ன ஆகப் போகுது."

வெடித்த விரல்களைப் போர்வை நுனியால் ஒற்றிவிட்டாள். பிறகு சொன்னாள்: "போய் வாங்கிட்டு வாங்க. ஆனா என் மெஷினை வெளிய அனுப்பக் கூடாது. கட்டில் பக்கத்துல போடுங்க. தைக்கிறேனோ இல்லையோ, கண்ணுல பட்டுக்கிட்டு இருக்கட்டும்."

வாங்கினார். முதல் நாளே, துணி பிழியும்போது மெஷின் கிடுகிடுவென்று ஆடிச் சுவரைவிட்டு நகரத் தொடங்கியது. பாய்ந்துபோய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்னங்க அங்க ஆர்ப்பாட்டம்?"

"மெஷின் நடக்குது!"

"அதாச்சும் நடக்குதே," என்றாள்.

அதன்பின் படுக்கையறைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இந்த இரைச்சலில் பிடிபடவில்லை. போய்ப் பார்க்கலாமென்றால், கையை எடுக்கவும் முடியவில்லை.