இருபத்தைந்தாம் திகதி ரயில்

இங்கிலாந்தின் யோர்க் நகரத்தைச் சுற்றியுள்ள பழைய மதிலில் எந்த வாசலால் ஏறி எந்த வாசலால் இறங்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அந்த நகரத்துக்கு நான் போனதே இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. ரொறொன்ரோவில், பார்க்டேலில், நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அகதி வழக்கு விசாரணைக்கே வரவில்லை. கனடாவை விட்டு வெளிக்கிட்டால் வழக்கு அதோடு சரி, திரும்பி வர முடியாது என்று வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஊரிலிருந்த அப்பாவுக்கு, நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தேன். அவர் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று எழுதிய பொய்.

கார்த்திகையில் அப்பா யோர்க்கில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தார். தை மாதம் திரும்பிவிடுவார். கிறிஸ்மசுக்கு நீ வேலைசெய்யிற ஃபாக்டரி பூட்டுவதுதானே, வாவன் என்று, அந்தப் பொய்யை நம்பியிருந்த அக்கா போனில் கேட்டாள். பிறகு அப்பா வாங்கிப் பேசினார். மூன்று வருடம் கேட்காத குரல். "வாறன்" என்றுவிட்டேன். சொன்ன வாயை என்ன செய்வது?

திட்டம் போடுவதை எந்த அரசாங்கமும் தடுக்காது. நூலகத்தில் ஒரு பயணப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். இருபத்துநாலு இரவு விமானம். இருபத்தைந்து காலை லண்டன், மத்தியானம் ரயில், மூன்று மணிக்கு யோர்க். அடுத்த நாள் மதில், ஏறும் வாசல், இறங்கும் வாசல் உட்பட. அதற்கடுத்த நாள் ரயில் நூதனசாலையில் பழைய என்ஜின்கள் பார்ப்பது, முழு நாளும். அப்பா ஊரில் ரயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, அழகாக எழுதி அனுப்பினேன். எழுதும்போது போகப்போகிறேன் என்றே நம்பினேன். அறையிலிருந்த அண்ணை ஒருவர் எட்டிப் பார்த்து, உனக்கென்ன விசரோ என்று கேட்டார். கோபித்துக்கொண்டு எழும்பிப் போனேன். அவர் கேட்டது சரியென்பதால் வந்த கோபம்.

இருபத்துநாலாம் திகதி அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தேன். கடும் பனி, விமானம் எழும்பவில்லை என்று சொல்வதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து வெளியே நல்ல வெயில். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, இங்க சரியான ஸ்நோ" என்று தொடங்கினேன்.

"தம்பி, இருபத்தஞ்சாம் திகதி இந்த நாட்டில ஒரு ரயிலும் ஓடாது" என்றார். "உன்ர கடிதம் வந்த அண்டைக்கே ஸ்டேசனில போய்க் கேட்டனான். வாற பிள்ளையெண்டால் ரிக்கற் எடுக்கேக்கயே சொல்லியிருப்பாங்கள்."

பிறகு அவரே கேட்டார்.

"கேஸ் இன்னும் முடியேல்லை, என்ன?"

"ஓம்" என்றேன். மூன்று வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அழுகை வந்தது. அவர் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

இருபத்தாறாம் திகதி அப்பா என் கடிதத்தைக் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு, நான் எழுதிய வாசலாலேயே ஏறி மதிலைச் சுற்றி வந்தாராம். அக்கா பிறகு சொன்னாள். ரயில் நூதனசாலைக்கு மட்டும் எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை.

"அது அவன் வந்தாப்பிறகு" என்றாராம்.

தை மாதம் அந்தக் கடிதத்தோடேயே ஊருக்குப் போனார். எனக்குப் பேப்பர் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.